குணச்சார்பில் எவ்வளவு கறார் வேண்டும்: முதன்முறை ஆட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு பிற்பகல்களில் ஆறேழு பேர் கூடி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை விளையாடுகிறோம். ஓசூரில் வேலை பார்க்கும் இருவர், கல்லூரி மாணவர்கள் மூவர், காவேரிப்பட்டணத்திலிருந்து பேருந்தில் வந்து போகும் ஓர் ஆசிரியை என்று ஆட்கள் கூடியும் குறைந்தும் வந்தாலும், புதிதாக வருபவர் தம் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டை நிரப்பும்போது பேனா தயங்கும் இடம் மட்டும் மாறுவதே இல்லை. பெயரையும் இனத்தையும், படைவீரன், மந்திரவாதி போன்ற வகுப்பையும் உற்சாகமாக எழுதிவிட்டு, பாத்திரத்தின் குணப்போக்கைக் கேட்கும் அலைன்மென்ட் என்ற கட்டத்துக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி, "இதுல என்னண்ணா போடணும்?" என்று கேட்பார்கள். ஆட்டத்தை நடத்தும் டிஎம் இடத்தில் முதன்முறையாக அமர்பவருக்கு இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. எழுதப்பட்ட அந்தச் சொல்லை எந்த அளவுக்குக் கறாராக நடத்துவது என்பதே அது. மேசையில் அலைன்மென்ட் என்றே சொல்கிறோம் என்றாலும், இங்கே அதைச் சார்பு என்று எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் செய்த செயல்களைப் பார்த்துச் சார்பை எழுத வேண்டும். எழுதிய சார்பைக் காட்டிச் செயலைத் தடுக்கக் கூடாது. கறார் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. அவற்றைப் பகடை உருளும் முன்பே எல்லோர் காதிலும் போட்டுவிட வேண்டும். முன்பே சொல்லாத இடத்தில் டிஎம்முக்குக் கறார் காட்டும் உரிமை இல்லை.

முதல் வேலை, அந்தக் கட்டத்தில் இரண்டு அளவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைப் புரிந்துகொள்வது. லாஃபுல், கேயாட்டிக் என்னும் அளவை, ஒருவர் வாக்குக்கும் முறைக்கும் கட்டளைக்கும் தம்மை எவ்வளவு கட்டுப்படுத்திக்கொள்கிறார் என்பதைக் குறிக்கும். குட், ஈவில் என்னும் அளவை, பிறருக்காகத் தாம் எவ்வளவு இழக்கத் தயார், தமக்காகப் பிறரை எவ்வளவு இழக்கச் செய்வார் என்பதைக் குறிக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நியூட்ரல் உண்டு என்பதால் மொத்தம் 9 சார்புகள். புதியவர்கள் பெரும்பாலும் லாஃபுல் என்றால் நல்லவர், கேயாட்டிக் என்றால் கெட்டவர் என்று கலந்துவிடுகிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் இரண்டு. பத்திரத்தில் எழுதிய தேதிக்கு ஒரு நாள் முந்தாமல், ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்காமல், கடன் வாங்கியவரின் வீட்டை முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் வட்டிக்காரர் லாஃபுல் ஈவில். ஏரி மதகை இரவோடு இரவாகத் திறந்து, முறை வராத கடைமடை ஏழையின் வயலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, காலையில் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காமல் நிற்பவர் கேயாட்டிக் குட். இந்த இருவரையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற ஏழும் தாமாகப் பிடிபடும்.

அடுத்து, எந்தப் பதிப்பின் விதியை வைத்து ஆடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சார்பைப் பற்றி எங்கள் மேசையில் எழுந்த சண்டைகளில் பெரும்பாலானவை, ஒருவர் பழைய விதியையும் இன்னொருவர் புதிய விதியையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசியதால் வந்தவை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் லா, நியூட்ராலிட்டி, கேயாஸ் என்னும் மூன்றுதான் இருந்தன. அங்கே சார்பு என்பது ஒருவரின் குணத்தைக் காட்டியதைவிட, பெரும் போரில் அவர் எந்த அணியில் நிற்கிறார் என்பதையே காட்டியது. 1976இல் கைகாக்ஸ் நன்மை, தீமை என்னும் இரண்டாம் அளவையைச் சேர்த்தார். 1978இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பின் ஆட்டக்காரர் நூலில் ஒன்பது கட்டங்களும் நிலைபெற்றன. கறார் உச்சத்தில் இருந்தது அந்தப் பதிப்பில்தான். சார்பு மாறிய பாத்திரம் ஒரு லெவலை, அதாவது ஆட்டத்தில் ஏறி வந்த படிகளில் ஒன்றை, இழந்தது. பாலடின் என்னும் புனித வீரர் லாஃபுல் குட் ஆகவே இருந்தாக வேண்டும். தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் அவருடைய சிறப்பு ஆற்றல்கள் போய்விடும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் துறவி வீரரான மாங்க் வகுப்புக்கு லாஃபுல் கட்டாயம், ஆவேச வீரரான பார்பேரியனுக்கு லாஃபுல் ஆகாது என்பன போன்ற வேலிகள் இருந்தன. 2008இல் நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகச் சுருக்கியது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் திரும்பக் கொண்டுவந்தாலும், வகுப்புகளுக்கான கட்டாயத்தை நீக்கிவிட்டது. பாத்ஃபைண்டர் என்னும் உடன்பிறப்பு ஆட்டம் 2023இல் சார்பையே எடுத்துவிட்டது.

அணி வேறு, குணம் வேறு என்பதை விளக்க நம் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளம். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆநிரை கவர்ந்து வரப் போனவன் வெட்சி சூடினான், அதை மீட்கப் போனவன் கரந்தை சூடினான்; மாடு பிடிக்கப் போய் விழுந்தவனுக்கும் கல் உண்டு, தொறு மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. கையில் வில்லும் வாளுமாக நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்து இவன் எந்தப் பூச் சூடிப் போனவன் என்பதை எழுத்து இருந்தால் அறியலாம். இவன் எப்படிப்பட்டவன் என்பதை அதனாலும் அறிய முடியாது. புதிய ஆட்டக்காரர்களை ஒரு முறை அங்கே அழைத்துப் போனேன். ஒரு மணி நேர விளக்கத்தில் புரியாதது அந்தக் கற்களின் முன்னால் பத்து நிமிடத்தில் புரிந்தது.

பதிப்பு முடிவானதும், பாத்திரம் உருவாக்குவதற்கு முன்பே ஒரு நாள் கூடிப் பேசுங்கள். செஷன் ஜீரோ என்று இதைச் சொல்வார்கள். அன்று சார்பைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். ஈவில் பாத்திரங்களை அனுமதிக்கிறோமா? ஒரு செயலால் யாருடைய ஆற்றலாவது பறிபோகுமா? போகும் என்றால், அதை யார், எப்போது, எப்படி அறிவிப்பது? முதல் கேள்விக்குப் புதியவர்களின் மேசையில் வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஈவில் பாத்திரத்தை மற்றவர்களின் மகிழ்ச்சி கெடாமல் ஆடுவது தேர்ந்த ஆட்டக்காரரின் வேலை.

இரண்டாம் கேள்வியை நான் கேட்காமல் விட்டதால் ஒரு நல்ல ஆட்டக்காரரை இழந்தேன். நான் டிஎம் ஆன இரண்டாம் ஆண்டு அது. கல்லூரி மாணவர் ஒருவர் லாஃபுல் குட் பாலடின் ஒருத்தியை மிகுந்த அன்போடு ஆடி வந்தார். கொடுங்கோலனின் காவலர்கள் ஒரு கிராமத்தில் குழந்தைகளைத் தேடி வருகிறார்கள், குழந்தைகள் தானியக் குதிருக்குள் ஒளிந்திருக்கிறார்கள், காவலர் தலைவன் பாலடினைப் பார்த்து, "இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கிறான். அவர் சிறிதும் தயங்காமல், "யாரும் இல்லை, வடக்கே ஓடிவிட்டார்கள்" என்றார். மேசையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். நானோ பழைய பதிப்பைப் படித்து வளர்ந்த பழக்கத்தில், பொய் சொன்னதால் அவள் சார்பு முறிந்தது, இனி அவளுடைய கை வைத்துக் குணமாக்கும் ஆற்றல் வேலை செய்யாது என்று அறிவித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு பகடையாக எடுத்துச் சுருக்குப் பையில் போட்டார். நான்கு முகப் பகடை மேசைக்கு அடியில் விழுந்துவிட்டது; அதையும் குனிந்து தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "வர்றேண்ணா" என்று சொல்லிப் போனவர் பிறகு வரவே இல்லை.

அன்றிரவு விதிநூலை எடுத்துப் பார்த்தபோதுதான் என் தவறின் முழு அளவு தெரிந்தது. நாங்கள் ஆடியது 2014 பதிப்பு. அதில் பாலடினைக் கட்டுவது சார்பு அல்ல, அவர் எடுத்துக்கொண்ட உறுதிமொழி. அந்தப் பாத்திரம் எடுத்திருந்தது ஏன்ஷண்ட்ஸ் உறுதிமொழி. கருணையும் நம்பிக்கையும் உலகில் அணையாமல் காப்பது அதன் சாரம். பொய் சொல்லாதே என்ற வரி அதில் கிடையாது. அந்த வரி இருப்பது டெவோஷன் உறுதிமொழியில். அதை எடுத்தவர் தவறினாலும், வருந்திப் பரிகாரம் தேட வழி வைத்திருக்கிறார்கள். மனமறிந்து மீறிவிட்டு வருந்தவும் மறுப்பவருக்கே பெரிய விளைவு. தன் உறுதிமொழியை மிக அழகாக நிறைவேற்றிய ஒருவருக்கு நான் தண்டனை கொடுத்திருந்தேன். ஆகவே பாலடின் ஆட விரும்புகிறவர் இருந்தால், அவருடைய உறுதிமொழியின் வரிகளை அவரும் நீங்களும் சேர்ந்து அமர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். எந்தச் செயல் மீறலாகும் என்று இருவரும் ஒப்புக்கொண்டதை ஷீட்டின் பின்புறம் எழுதி வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் அவர் மீறும் நிலைக்கு வந்தால், செயலுக்கு முன்பே, "இது உங்கள் உறுதிமொழியைத் தொடுகிறது, தெரிந்துதான் செய்கிறீர்களா?" என்று ஒரு முறை கேளுங்கள். தெரிந்தே செய்கிறேன் என்று அவர் சொன்ன பிறகு நீங்கள் காட்டும் கறாரை அவரே மதிப்பார்.

பாத்திரம் உருவாக்கும் நாளில் சார்புக் கட்டத்தை வெறுமனே நிரப்ப விடாதீர்கள். அதன் கீழே இரண்டு வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். உயிரே போனாலும் இந்தப் பாத்திரம் செய்யாதது ஒன்று. எல்லோரும் தடுத்தாலும் செய்துவிடுவது இன்னொன்று. எங்கள் மேசையில் லாஃபுல் நியூட்ரல் படைவீரன் ஒருவனுக்கு, "பகைவனுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பேன்; என் தம்பிக்கு ஆபத்து என்றால் எந்த வாக்கும் என்னைக் கட்டாது" என்று எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரு வரிகள் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைவிட எனக்கு அதிகம் பயன்படுகின்றன. அந்தத் தம்பியைக் கதையில் எப்போது கொண்டுவர வேண்டும் என்பதைக்கூட அவைதான் எனக்குச் சொல்லின.

இனி மேசைக்கு வருவோம். புதிய டிஎம்முக்கு மூன்றாம் நான்காம் அமர்விலேயே வந்து சேரும் சிக்கல், பிடிபட்ட எதிரி. எங்கள் மேசையில் அது இப்படி நடந்தது. குகை வாசலில் காப்ளின் என்னும் குட்டி அரக்கன் ஒன்று ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு முழந்தாளிட்டது.

"விட்டா உள்ள போய் எல்லாரையும் எழுப்பிடும்ணா. நான் கழுத்தை அறுத்துடறேன்" என்றார் சார்பு குட் என்று எழுதியிருந்த, ரோக் என்னும் கள்வர் வகுப்பை ஆடியவர்.

"நீ குட்டு தானப்பா, எப்படி அறுப்ப?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உன் சார்பு இதை அனுமதிக்காது" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அந்த வாக்கியத்தை எந்த நாளும் சொல்லாதீர்கள். அதைச் சொன்ன கணத்தில் பாத்திரம் ஆட்டக்காரர் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்துவிடும். அவரிடம் நான் கேட்டது, "உங்கள் பாத்திரத்தின் மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது?" என்பது மட்டும். அவர் சற்று யோசித்து, தன் ஊரை எரித்தவர்கள் காப்ளின்கள் என்றும், கை நடுங்கினாலும் செய்துவிடுவான் என்றும் சொன்னார். சரி என்றேன். காப்ளின் இறந்தது. என் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டேன். ஆனால் அந்தக் கொலையைப் பார்த்த இன்னொரு காப்ளின் இருளில் இருந்தது. அதன் பிறகு அந்தக் குகையில் ஒருவரும் சரணடையவில்லை, கடைசி ஆள் வரை சண்டையிட்டார்கள். எந்தத் தண்டனை விதியும் இல்லாமலேயே அந்தச் செயலின் எடையை மேசை முழுவதும் உணர்ந்தது. செயலுக்கு உலகம் கொடுக்கும் பதிலில் டிஎம் எவ்வளவு கறாராகவும் இருக்கலாம்.

கறார் காட்டியே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு. கேயாட்டிக் நியூட்ரல் என்று எழுதிக்கொண்டு, தோழர்களின் பையிலிருந்து பொற்காசைத் திருடிவிட்டு, "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று சொல்பவரின் முன் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. இது பாத்திரத்தின் சார்பைப் பற்றிய கேள்வியே அல்ல. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வந்திருக்கும் மற்ற ஐந்து பேரைப் பற்றிய கேள்வி. ஆட்டத்தை நிறுத்தி, பாத்திரத்தின் பெயரை விட்டு ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, "தம்பி, இவங்களோட சேர்ந்து போகக் காரணம் இருக்கிற ஆளா உன் கேரக்டரை மாத்திக்கோ" என்று நேராகச் சொல்லுங்கள். சார்பைக் காட்டி வாதாடினால் அவரும் சார்பைக் காட்டியே வாதாடுவார்.

அரக்கர்களுக்கும் விலங்குகளுக்கும் எழுதப்பட்டிருக்கும் சார்பைப் பொதுப்போக்கு என்று மட்டும் கொள்ளுங்கள். 2014இல் வந்த அரக்கர் விவரநூலான மான்ஸ்டர் மேனுவலே அது தொடக்க நிலைதான், டிஎம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. விலங்குகளுக்கு அன்அலைன்ட், அதாவது சார்பே இல்லை என்று எழுதியிருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டம் ஓர் இரவில் ராகிக் கொல்லையை மிதித்துத் தின்றுவிட்டுப் போவதுண்டு. காலையில் வரப்பில் நிற்கும் விவசாயிக்கு அழுகை வரும், கோபம் வரும், நட்டஈட்டுக்கு அலைய வேண்டியும் வரும். ஆனாலும் அந்த யானையைத் தீயது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஓநாயையோ கரடியையோ ஆட்டத்தில் கொண்டுவரும்போது அந்த விவசாயியின் பார்வையை உங்கள் ஊர்மக்களுக்கும் கொடுங்கள்.

மந்திரங்களில் புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழுவது டிடெக்ட் ஈவில் அண்ட் குட். மூன்றாம் பதிப்பில் டிடெக்ட் ஈவில் உண்மையிலேயே தீய சார்பை உணர்த்தியது. ஐந்தாம் பதிப்பில் பெயர் ஏறக்குறைய அப்படியே இருந்தாலும், 30 அடிக்குள் தேவகணம், பேய்க்கணம், இறந்தும் உலவுபவை, ஃபே என்னும் மாய உயிர்கள் போன்ற உயிர்வகைகளோ, மந்திரத்தால் புனிதமாக்கப்பட்ட அல்லது மாசுபடுத்தப்பட்ட இடமோ பொருளோ இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். ஊர்த்தலைவர் லஞ்சம் வாங்குகிறாரா என்று பார்க்க அந்த மந்திரத்தைப் போட்டால் ஒன்றும் தெரியாது. இதை முன்பே சொல்லி வையுங்கள். துப்பறியும் கதை ஒன்று ஒரே மந்திரத்தில் கெட்டுப் போவதையும் இது தடுக்கும். சார்பைப் பார்த்து வேலை செய்யும் மந்திரப் பொருள்கள் ஐந்தாம் பதிப்பிலும் சில உண்டு. அவற்றைக் கொடுக்குமுன், வாங்கப் போகிறவரின் சார்பைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

சார்பை மாற்றுவது எப்போது என்ற கேள்விக்கு நான் கடைப்பிடிக்கும் முறை, குறிப்பேட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம். சார்புக்கு மாறான பெருஞ்செயல் நடந்தால் தேதியோடு ஒரு வரி எழுதுகிறேன். ஒரே செயலால் ஒருவரின் சார்பு மாறுவதில்லை. தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். கோவலூரைப் போரில் அழித்தவனும் அவனே. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து அவனைக் கட்டத்தில் அடைக்க நமக்கு மனம் வராது அல்லவா? மூன்று வரிகள் ஒரே திசையில் சேர்ந்த பிறகு, ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், தனியாக அவரிடம் குறிப்பேட்டைக் காட்டுகிறேன். "நீங்கள் எழுதியிருப்பது இது, செய்திருப்பவை இவை, பாத்திரம் மாறிக்கொண்டிருக்கிறதா, வழி தவறி வருந்துகிறதா?" என்று கேட்கிறேன். மாறுகிறது என்றால் மாற்றி எழுதுகிறோம். லெவலைப் பறிப்பதில்லை. வருந்துகிறது என்றால் அந்த வருத்தத்துக்கு அடுத்த வாரக் கதையில் ஓர் இடம் ஒதுக்குகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் கறாரான ஆட்டமே வேண்டும் என்று உங்கள் குழு விரும்பினால், ஒன்பது கட்டங்களை இறுக்குவதைவிட, பாத்ஃபைண்டர் சார்பை நீக்கிய பின் முன்னிறுத்தும் முறையைக் கடன் வாங்குங்கள். செய்ய வேண்டியவை ஈடிக்ட், செய்யவே கூடாதவை அனாத்திமா என்று பாத்திரத்துக்கும் அவர் வணங்கும் தெய்வத்துக்கும் சில வரிகள் எழுதப்படும். "பசித்தவருக்கு உணவு மறுக்காதே" என்ற வரியை மீறினாரா இல்லையா என்பதில் வழக்குக்கு இடமில்லை; "நல்லவரா" என்பதில் விடியும் வரை வழக்குப் பேசலாம்.

நான்கைந்து அமர்வுகள் ஆனதும் ஒரு நாள், எல்லோரையும் தங்கள் ஷீட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மற்றவர்கள் நினைக்கும் சார்பைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் மேசையில் காவேரிப்பட்டணத்து ஆசிரியை கேயாட்டிக் நியூட்ரல் என்று எழுதியிருந்தார். ஐந்து சீட்டுகளைப் பிரித்தபோது நான்கில் நியூட்ரல் குட் என்றும் ஒன்றில் லாஃபுல் குட் என்றும் இருந்தது. "நானா?" என்று கேட்டவர், மூன்று மாதங்களாகத் தன் பாத்திரம் ஒவ்வோர் ஊரிலும் காயம்பட்டவர்களை விட்டு வர மறுத்ததை மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஷீட்டைத் திருப்பி, ரப்பரால் அழித்துவிட்டு, பென்சிலைக் கூராக்கித் தரும்படி பக்கத்தில் இருந்த மாணவரிடம் கேட்டார்.